நீல் யங்கின் பெட்டியில் கிடந்த பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீல் யங் 1945இல் கனடாவில் பிறந்தவர். 1960களின் நடுவில் கலிபோர்னியாவுக்குப் போய், அங்கிருந்து இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறார். அவர் வெளியிட்ட ஆல்பங்களே ஒரு அலமாரி நிறையும். பதிவுசெய்து முடித்துவிட்டு வெளியிடாமல் பெட்டியில் போட்டவை அதற்குச் சளைத்தவை அல்ல. அந்தப் பெட்டிகளைக் கடந்த இருபது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் திறந்து வருகிறார். அவருடைய ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: எது வந்துவிட்டது, எது பாக்கி, எங்கே கேட்பது, காசு கொடுக்கலாமா? புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

'ஆர்க்கைவ்ஸ்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரால் சொல்கிறோம், குழப்பம் அதில்தான் தொடங்குகிறது. ஒன்று, பாக்ஸ் செட் வரிசை, அதாவது பல தட்டுகளை ஒரே பெட்டியில் தரும் தொகுதிகள். முதல் தொகுதி 2009 ஜூனில் வந்தது. அதில் 1963 முதல் 1972 வரையிலான பதிவுகள். வின்னிபெக்கில் பள்ளிப் பையனாக ஸ்க்வயர்ஸ் என்ற குழுவில் கிடார் வாசித்த நாளிலிருந்தே தொடங்குகிறது. இரண்டாம் தொகுதி 2020 நவம்பரில் வந்தது. 1972 முதல் 1976 வரை, பத்து சிடி. மூன்றாவது 2024 செப்டம்பரில் வந்தது. 1976 முதல் 1987 வரை, 17 சிடி. அதன் டீலக்ஸ் பதிப்பில் கூடவே ஐந்து புளூ-ரே தட்டுகளும் உண்டு.

இன்னொன்று, 'நீல் யங் ஆர்க்கைவ்ஸ்' என்ற அவருடைய சொந்த இணையதளமும் ஆப்பும். 2017 டிசம்பர் 1 அன்று திறந்தது. பாக்ஸ் செட்டில் உள்ளவை மட்டுமல்ல, அவருடைய மற்ற ஆல்பங்களும் அங்கே கேட்கக் கிடைக்கும். கீழே 'தளம்' என்று சொல்லும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

வெளியிடாமல் வைத்திருந்தார் என்றால் அவை சுமாரான பாட்டுகளாகத்தானே இருக்கும்?

இல்லை. முதலில் இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். மிச்சம் மீதி என்று நினைத்துக்கொண்டு கேட்டால் நல்லது பலவற்றைத் தவறவிட்டுவிடுவோம்.

ஹோம்க்ரோன் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இன் நடுவில் தொடங்கி 1975இன் ஆரம்பத்தில் பதிவு முடிந்த ஆல்பம். வெளியாவதற்குத் தயாராகவும் இருந்தது. நடிகை கேரி ஸ்னாட்க்ரஸுடனான உறவு முறிந்துகொண்டிருந்த காலம் அது. பாட்டுகள் முழுக்க அந்த வலிதான். நண்பர்கள் சிலருக்கு டேப்பைப் போட்டுக் காட்டியபோது, அதே டேப்பில் அடுத்ததாக 1973இல் பதிவான டுநைட்ஸ் த நைட் ஓடியது. கிடார் கலைஞர் டேனி விட்டன், மேடை உதவியாளர் ப்ரூஸ் பெரி ஆகிய இரண்டு நண்பர்களைப் போதைப்பொருளுக்குப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்த ஆல்பம் அது. த பேண்ட் குழுவின் ரிக் டாங்கோ அதைக் கேட்டுவிட்டு, இதைத்தான் வெளியிட வேண்டும் என்றார். அப்படியே 1975இல் டுநைட்ஸ் த நைட் வந்தது, ஹோம்க்ரோன் பெட்டிக்குள் போனது. வெளியே வந்தது 2020 ஜூனில்தான். அப்போது, இத்தனை காலம் இதை உங்களுக்குத் தராமல் வைத்திருந்ததற்கு மன்னியுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். பாட்டு மோசம் என்பதால் அதை ஒதுக்கவில்லை. மனம் தாங்காமல் ஒதுக்கினார்.

வேறு காரணங்களும் உண்டு. 2001இல் க்ரேஸி ஹார்ஸ் குழுவோடு சான்பிரான்சிஸ்கோவில் ஒரு ஆல்பம் பதிவுசெய்தார், ஸ்டுடியோவின் பெயரே ஆல்பத்துக்கும்: டோஸ்ட். மிகவும் சோகமாக இருக்கிறது என்று ஓரம் கட்டிவிட்டு, அதில் சில பாட்டுகளை வேறு கலைஞர்களோடு திரும்பப் பதிவுசெய்து 2002இல் வேறு ஆல்பத்தில் போட்டார். டோஸ்ட் 2022இல் வந்தது. க்ரோம் ட்ரீம்ஸ் 1977இல் வந்திருக்க வேண்டிய ஆல்பம். அதன் பாட்டுகள் ஒவ்வொன்றாகப் பிற ஆல்பங்களுக்குப் போய்விட்டதால் அது கலைந்தது. 2007இல் 'க்ரோம் ட்ரீம்ஸ் 2' வந்துவிட்டது, முதலாவதோ 2023இல்தான் வந்தது. இந்த மனிதரின் வேலை ஓடும் வேகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு ஆல்பத்தை மாஸ்டர் செய்து (வெளியிடுவதற்கு முன் கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிப்பதற்குள் அவர் மனம் அடுத்த ஆல்பத்துக்குப் போயிருக்கும்.

ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளின் இன்னொரு வடிவம்தானே? அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஹிட்ச்ஹைக்கர் ஆல்பத்தை வைத்துச் சொல்கிறேன். 1976 ஆகஸ்ட் 11 அன்று மாலிபுவில் இண்டிகோ ரான்ச் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் டேவிட் ப்ரிக்ஸ் உட்கார்ந்திருக்க, நீல் யங் ஒரே இரவில் தனியாகப் பத்துப் பாட்டுகளைப் பாடினார். வெளிவந்தது 2017இல். இந்தப் பத்தில் எட்டு பாட்டுகள் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவை. அப்படியிருந்தும் இதை நான் அவருடைய முக்கியமான ஆல்பங்களில் வைப்பேன்.

'போகஹாண்டஸ்' பாட்டைக் கேளுங்கள். 1979இல் ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ் ஆல்பத்தில் வந்த அதே டேக், அதாவது அதே பதிவுதான் இது. அங்கே அதன்மேல் பின்னால் சேர்த்த கிடாரும் குரல்களும் இருக்கும். இங்கே அவை எதுவும் இல்லை. ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய பாட்டின் அடியில் இந்த ஒற்றைக் குரல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது என்று புரியும். அப்புறம் 'பவுடர்ஃபிங்கர்'. ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸில் அது க்ரேஸி ஹார்ஸோடு மின்கிடார் அதிர வரும். ஒரு இளைஞன் ஆற்றங்கரையில் நின்று, வரும் படகைப் பார்க்கும் கதை. குழு வாசிக்கும்போது நமக்குச் சண்டையின் வேகம் கேட்கிறது. தனியாகப் பாடும்போது பையனின் பயம் கேட்கிறது. வரிகள் ஒன்றே. 1977இல் வந்த டெக்கேட் தொகுப்பில் உள்ள 'கேம்பெய்னர்' பாட்டும் இந்த இரவின் பதிவுதான், ஆனால் அங்கே ஒரு சரணம் வெட்டப்பட்டிருந்தது. முழுப் பாட்டு கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

இதெல்லாம் ஸ்பாட்டிஃபையிலேயே இருக்கிறதே. தனியாக ஒரு தளம் எதற்கு?

ஆல்பங்களைக் கேட்டால் மட்டும் போதும் என்றால் பொதுச் சேவையே போதும். மேலே சொன்ன எல்லா ஆல்பங்களும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் பொதுச் சேவைகள் ஆல்பங்களை வெளியான ஆண்டை வைத்து அடுக்குகின்றன. ஹிட்ச்ஹைக்கர் 2017 என்று நிற்கும். ஹோம்க்ரோன் 2020. புதியவர் ஒருவர் பட்டியலைப் பார்த்தால், எழுபது வயதைத் தாண்டியவர் பாடிய ஆல்பங்கள் என்றுதான் நினைப்பார். பாடிக்கொண்டிருப்பதோ முப்பது வயதுக்காரர்.

தளத்தில் அடுக்கு வேறு. அங்கே ஒவ்வொரு பாட்டும் பதிவான நாளில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பழைய அலுவலகக் கோப்பு அலமாரிதான் அதன் முகப்பு. இழுப்பறையை இழுத்தால் பாட்டுகள் அட்டை அட்டையாக வரும். ஒரு அட்டையைத் திறந்தால் யார் வாசித்தார்கள், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்ற விவரங்கள் இருக்கும். சில அட்டைகளில் கையெழுத்தில் எழுதிய வரிகளும் புகைப்படங்களும் உண்டு. பக்கத்திலேயே ஒரு காலக்கோடும் இருக்கிறது. அதில் வருடத்தைப் பிடித்து நகர்ந்து போகலாம்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் 1971இன் முதல் இரண்டு மாதங்கள். ஜனவரி 19 அன்று டொராண்டோவில் மாசி ஹாலில் அவர் தனியாகப் பாடினார். அங்கே 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' தனிப் பாட்டாக வரவில்லை. பியானோவில் 'எ மேன் நீட்ஸ் எ மெய்ட்' பாடிக்கொண்டே வந்து, அதற்குள் ஒரு துண்டாக அதை நுழைக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அது அறிமுகமே இல்லாத பாட்டு. சில வாரங்களில், பிப்ரவரியில், நாஷ்வில் போகிறார். அங்கே அதே பாட்டு கிடாரும் மவுத் ஆர்கனுமாகத் தனி உருவம் எடுக்கிறது. மறு ஆண்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு அதுதான். காலக்கோட்டில் இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றைக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டால், ஒரு பாட்டு இன்னொரு பாட்டின் வயிற்றிலிருந்து பிரிந்து வருவது காதில் விழும். பொதுச் சேவையில் ஒன்று 2007இல் வெளியான கச்சேரி ஆல்பம், மற்றது 1972இன் ஹார்வெஸ்ட். இரண்டுக்கும் நடுவில் முப்பத்தைந்து ஆண்டு ஆல்பங்கள் கிடக்கும். இவற்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

வெளிவராத பதிவுகளின் மதிப்பு அவை அரிதானவை என்பதில் இல்லை. அவற்றை உரிய நாளில் பொருத்தியதும் தெரிந்த ஆல்பங்களின் அர்த்தமே மாறுகிறது. டுநைட்ஸ் த நைட் 1975 என்று அட்டையில் போட்டிருக்கும். ஆனால் அதைப் பாடியது 1973இல், அதற்குப் பிறகு பாடிய ஹோம்க்ரோன் 2020 வரை நம்மிடம் இல்லை. இந்த இடைவெளி தெரியாமல்தான் நாற்பத்தைந்து ஆண்டுகள் அவருடைய எழுபதுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேறிவிட்டார் என்று படித்தேனே?

2022 ஜனவரியில் வெளியேறினார். ஜோ ரோகனின் பாட்காஸ்டில் கொரோனா தடுப்பூசி பற்றித் தவறான தகவல் பரவுகிறது, அதற்கு இடம் கொடுக்கும் சேவையில் என் பாட்டு இருக்காது என்றார். பாடகி ஜோனி மிட்செலும் கிடார் கலைஞர் நில்ஸ் லாஃப்க்ரனும் அவர் வழியில் தங்கள் பாட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் நீல் யங் திரும்ப வந்தார். அந்த பாட்காஸ்ட் ஆப்பிள், அமேசான் சேவைகளுக்கும் வந்துவிட்டது, எல்லா இடத்தையும் விட்டுப் போனால் ரசிகர்கள் கேட்க இடமே இருக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

இதில் ரசிகனுக்கு ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. பொதுச் சேவையில் நாம் சேர்த்து வைக்கும் பட்டியல் நமக்குச் சொந்தம் அல்ல. இரண்டு ஆண்டுகள் ஒரு கலைஞரின் பாட்டுகள் அதிலிருந்து காணாமல் போகலாம். உயிராக நினைக்கும் ஆல்பம் என்றால் சிடியோ வினைலோ டவுன்லோடோ, கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறார்களே, அது என் காதுக்குத் தெரியுமா?

கணக்கை முதலில் பார்ப்போம். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறார்கள் என்பது கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறார்கள் என்பது பிட். சிடியின் அளவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். 192க்கு 24 என்றால் நொடிக்கு 9,216 கிலோபிட். அழுத்தாமல் ஒரு மணி நேரம் கேட்டால் நான்கு ஜிபி தாண்டிவிடும். தரம் குறையாமல் அழுத்தினால் அளவு குறையும் என்றாலும், மொபைல் டேட்டாவில் கேட்கிறவர்கள் யோசித்துக் கேட்க வேண்டிய அளவுதான்.

நீல் யங்குக்கு இது வாழ்நாள் போராட்டம். எம்பி3 இசையை அரைகுறையாக்கிவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். 2014இல் போனோ என்ற கையடக்க இசைக் கருவிக்காக, இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் வழியாக 62 லட்சம் டாலர் திரட்டினார். கருவி 2015இல் வந்தது, ஆனால் பாட்டு விற்கும் கடையை நடத்திய நிறுவனம் கைமாறியதும் எல்லாம் நின்றுபோனது. அதன்பின் சிங்கப்பூரைச் சேர்ந்த ஓராஸ்ட்ரீம் நிறுவனத்தோடு சேர்ந்து எக்ஸ்ஸ்ட்ரீம் என்ற முறையைக் கொண்டுவந்தார். இணைய வேகம் எவ்வளவோ அதற்கேற்ப ஒலித்தரம் தானாக ஏறி இறங்கும். தளத்தில் ஓடுவது அதுதான்.

காதுக்குத் தெரியுமா? மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். அளக்கும் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி வரையான ஒலியைப் பிடிக்கலாம் என்பதால் சிடியே அதை எட்டிவிடுகிறது. ஆகவே சிடிக்கும் 192க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் எதிர்பார்த்து யாரும் புதுக் கருவி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மாஸ்டரிங்தான் பெரிய வித்தியாசம். ஹோம்க்ரோன், ஹிட்ச்ஹைக்கர் போன்றவற்றில் ஒலியை முட்டித் தள்ளி உயர்த்தவில்லை. மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கிறது. சாதாரண ஹெட்ஃபோனிலேயே அது தெரியும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ப்ளூடூத் வழியாகக் கேட்டால் ஒலி வழியில் மீண்டும் அழுத்தப்படும். வயர் போட்டுக் கேளுங்கள். ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டுமென்றால் டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் டாக் (DAC) கருவி ஒன்று வெளியே தேவை.

அரை நூற்றாண்டு பழைய டேப்பை எப்படி ஓட்டுகிறார்கள்?

எழுபதுகள், எண்பதுகளில் வந்த சில வகை டேப்புகளில் காந்தப் பொடியை ஒட்டி வைக்கும் பசை காலப்போக்கில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பொடி உரிந்து ஒலியோடு போய்விடும். அதனால் ஐம்பது டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுப்பார்கள். ஈரம் போனபின் சில வாரங்களுக்கு டேப் நன்றாக ஓடும், அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். எந்தப் பழைய கலைஞரின் களஞ்சியமாக இருந்தாலும் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

காசு எவ்வளவு? தகுமா?

தளம் முதல் ஓராண்டு இலவசம். பிறகு மாதம் 1.99 டாலர் அல்லது வருடம் 19.99 டாலர் என்று சந்தா வந்தது. அதன்பின் படிநிலைகளும் விலையும் மாறியிருக்கின்றன, சேரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் சேர்ந்து 1970 முதல் 1977 வரை காலக்கோட்டில் நடந்து பாருங்கள். பிடித்தால் தொடருங்கள்.

பாக்ஸ் செட் வேறு கதை. இரண்டாம் தொகுதியின் முதல் பதிப்பு 3,000 பிரதிகள்தான், வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. கிடைக்காதவர்கள் கொந்தளித்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. 2021 மார்ச்சில் சாதாரணப் பதிப்பு வந்தபின்தான் ஓய்ந்தது. ஒரே பாட்டை மூன்று இடத்தில் விற்கிறார் என்ற குறையிலும் உண்மை இருக்கிறது. தனி ஆல்பமாக வாங்கியது பாக்ஸிலும் இருக்கும். என் யோசனை: தளத்தில் கேளுங்கள், மனதில் நிற்கும் தனி ஆல்பங்களை மட்டும் வாங்குங்கள், பாக்ஸை விட்டுவிடுங்கள். புத்தகமும் படங்களும் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே அது.

பூட்லெக் கேட்பது தப்பா?

க்ரோம் ட்ரீம்ஸைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்ததே பூட்லெக்தான், அதாவது அனுமதியில்லாமல் கைமாறும் பதிவு. நியூயார்க்கில் பாட்டம் லைன் அரங்கில் 1974 மே மாதம் அவர் பாடிய கச்சேரியும் அப்படித்தான், கூட்டத்தில் ஒருவர் பதிவுசெய்தது கைக்குக் கை போனது. இப்போது அவரே 'அதிகாரபூர்வ பூட்லெக்' என்ற வரிசையில் அதை வெளியிட்டுவிட்டார். காசு வாங்காமல் பகிர்ந்த ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விற்றவர்களைச் சொல்வேன். அதிகாரபூர்வப் பதிப்பு வந்துவிட்டால் அதைக் கேட்பதுதான் முறை, ஒலியும் அதில்தான் நன்றாக இருக்கும்.

இங்கே ஒரு அருமையான இடைநிலையும் உண்டு. 1976 நவம்பர் சுற்றுப்பயணத்தில் உடன் போன புகைப்படக்காரர் ஜோயல் பெர்ன்ஸ்டைன், தான் கேட்பதற்காக மேடை ஒலியைக் கேசட்டில் பிடித்து வைத்தார். அந்தக் கேசட்டுகள்தான் 2018இல் சாங்ஸ் ஃபார் ஜூடி ஆல்பமாயின. ஒலி பளிச்சென்று இருக்காது. ஆனால் பாட்டுக்கு நடுவே அவர் பேசிச் சிரிப்பதும், கூட்டத்தில் ஒருவர் கத்துவதும் எல்லாம் அதில் இருக்கின்றன.

எங்கே தொடங்குவது?

மாசி ஹால் 1971. அடுத்து ஹோம்க்ரோன், அடுத்து ஹிட்ச்ஹைக்கர். சத்தமான நீல் யங் வேண்டும் என்றால் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1970இல் க்ரேஸி ஹார்ஸோடு செய்த கச்சேரி. டேனி விட்டன் உயிரோடு, முழு வீச்சில் வாசிப்பது அதில் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு டுநைட்ஸ் த நைட்டுக்குப் போனால் அந்த ஆல்பம் யாருக்காக அழுகிறது என்று தெரியும். முதல் தொகுதியின் பள்ளிக்காலப் பதிவுகளை ஆரம்பத்திலேயே கேட்காதீர்கள், அவை பிறகு ருசிக்கும்.

1987க்குப் பிறகு உள்ளவை?

பாக்ஸ் வரிசை அங்கேதான் நிற்கிறது. டோஸ்ட் போலத் தனி ஆல்பங்கள் சில பிந்தைய ஆண்டுகளிலிருந்து வந்திருக்கின்றன. மற்றபடி கச்சேரிப் பதிவுகளைத் தளத்தின் காலக்கோட்டில் அந்தந்த ஆண்டில் தேடுங்கள். ஆல்பம் பெயரை வைத்துத் தேடாமல் ஆண்டை வைத்துத் தேடினால் கண்ணில் படாதவை நிறையக் கிடைக்கும்.